ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் ஆண்மகவுக்கு அரிய பெயரிடல்: விளிமரபு நோக்கில் ஒரு சிற்றாய்வு

பையனுக்கு ஊரில் எவனுக்கும் இல்லாத பெயர் வைக்க வேண்டும் என்னும் வேட்கை பாகான் டத்தோ மாவட்டத்தில் எப்போது தொடங்கியது என்பது குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு ஏதுமில்லை. அறிஞர் எவரும் இதைத் தொடவில்லை என்பதே காரணம். அக்குறையை நீக்க முன்வருகிறது இக்கட்டுரை.

ஆய்வுக்களம் அம்மாவட்டத்தில் பெர்னாம் ஆற்றங்கரையிலுள்ள ஹுத்தான் மெலிந்தாங். பெயர் மாற்றம் இப்பகுதிக்குப் புதிதன்று. பக்கத்துத் தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆயிற்று. மாவட்டமே 2017இல்தான் தனியாகப் பிரிந்து பாகான் டத்தோ என்று பெயர் சூட்டிக்கொண்டது. ஹுத்தான் மெலிந்தாங் மட்டும் அசையவில்லை. நட்சத்திரப்படி பார்த்தால் ‘ஹு’ பூசம் முதல் பாதத்துக்குரிய எழுத்து. முருகனுக்கு உகந்த நட்சத்திரத்தில் அமைந்த பெயரை எந்த அரசு மாற்றத் துணியும்?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். விசித்திரப் பெயர் இக்காலத்துப் பிள்ளைகளின் கண்டுபிடிப்பு என்கிறார்கள். டென்மார்க்குக்காரரான ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் ஜெண்டராட்டா தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில், கப்பலேறி வந்த நம்மவர் குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டி என்னும் பெயர்களையும் உடன் கொண்டுவந்தவர்கள். முன்பிறந்தவை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்கு எமனே முகம் சுளிக்கும்படி பெயர் வைப்பது வழக்கம். கேவலமான பெயரைக் கேட்டு அவன் திரும்பிப் போய்விடுவான் என்பது கணக்கு. அதாவது, அன்று பெயர் யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்கு. இன்று எல்லார் கண்ணிலும் படுவதற்கு. இடையில் தடுப்பூசி பரவியது. இக்கட்டுரையாளரின் முதல் கருதுகோள் இதுவே: அம்மைக்கு ஊசி போட்ட பிறகுதான் ‘ஷ்’ஷில் முடியும் பெயர்கள் பெருகின.

இன்று ஓர் அரிய பெயர் நான்கு வாயில்களைக் கடந்தாக வேண்டும்.

முதல் வாயில் ஐயர். இருபத்தேழு நட்சத்திரம், நட்சத்திரத்துக்கு நான்கு பாதம், ஆக 108 எழுத்துகள். இதில் திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு உரியது ‘ங’. அஸ்தம் மூன்றாம், நான்காம் பாதங்களுக்கு ‘ண’வும் ‘ட’வும். தொல்காப்பியரோ இம்மூன்றும் சொல்லுக்கு முதலில் வரவே வராது என்று சாதித்துவிட்டார். ஆக, சோதிடத்துக்கும் இலக்கணத்துக்கும் நடுவே ஆண்டுதோறும் சில பிள்ளைகள் பெயரில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். ‘ங’வில் பெயர் கேட்டு வந்த தகப்பனைப் பார்த்து ஐயர், “‘க’ வச்சுக்குங்க, சாமி கோவிச்சுக்காது” என்கிறார். ஈராயிரம் ஆண்டுப் பூசலுக்கு இதைவிட நல்ல தீர்ப்பை எந்தப் பல்கலைக்கழகமும் தரவில்லை.

இரண்டாவது எண் சாஸ்திரம். ‘சர்வின்’ என்று பிடித்துப்போய்விட்டதாகக் கொள்வோம். ஆங்கில எழுத்தில் எஸ் 3, ஏ 1, ஆர் 2, வி 6, ஐ 1, என் 5. கூட்டினால் 18. சாஸ்திரக்காரர் உதட்டைப் பிதுக்குவார். எஸ்ஸுக்குப் பின்னால் ஓர் எச் நுழைத்தால் 5 கூடி 23. ராஜயோகம்! ஒரே எச்சில் பையனின் தலையெழுத்து மாறுகிறது. அந்த எச் இனி வாழ்நாள் முழுக்க எல்லாப் பாரத்திலும் விட்டுப்போகும் என்பதை அவர் சொல்வதில்லை. நட்சத்திர எழுத்தை ஒரு மொழியில் பார்த்து, கூட்டுத்தொகையை இன்னொரு மொழியில் போடும் இம்முறையின் நுட்பம் இக்கட்டுரையாளருக்கு எட்டவில்லை.

மூன்றாவது தேசியப் பதிவிலாகா. பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். 2006இல் இலாகா ஒரு வழிகாட்டியை வெளியிட்டது: விலங்கு, பூச்சி, பழம், காய்கறி, நிறம், எண் இவற்றைப் பெயராக வைக்க வேண்டாம், ஜப்பான் கார்களின் பெயரும் கூடாது, 007உம் ஆகாது. நல்ல நோக்கம்தான். ஆனால் இதை எழுத்துக்கு எழுத்து நம்மவருக்குப் பொருத்தினால் ஆறுமுகமும் ஏழுமலையும் எண்ணில் விழுவார்கள், கருப்பையா நிறத்தில், நாகப்பன் விலங்கில். பழனி பழத்தில் சேர்வாரா என்பது தனி முனைவர் பட்டத்துக்குரிய சிக்கல். தோட்டத்தின் பழைய பெயர்ப் பட்டியலான செக்ரோலைக் கிராணி உரக்க வாசித்தால் பெரட்டில் பாதிப் பேர் மிஞ்சமாட்டார்கள். சர்வின்களும் தர்வின்களும் மட்டும் எந்த விதியிலும் சிக்காமல் நழுவுகிறார்கள். பூவுமில்லை, காயுமில்லை, பொருளுமில்லை. பிடிக்க என்ன இருக்கிறது?

அரிய பெயருக்கு நட்சத்திரம் தேவையில்லை என்போர் சென்னையைக் காட்டுவார்கள். 1953 மார்ச் 1இல் பிறந்த கலைஞரின் மகனுக்கு, நான்கு நாள் கழித்து ரஷ்யாவில் இறந்த தலைவரின் பெயர் இரங்கல் கூட்டத்திலேயே வைக்கப்பட்டது. ஸ்டாலின் என்ற அந்தப் பெயரும் தமிழ் முதலெழுத்து விதியை மீறியதுதான். இருந்தும் முதலமைச்சர் நாற்காலிவரை போயிற்று. ஆனால் அங்கே தகப்பன் பெயர் ஓரெழுத்தில் ஒடுங்கிவிடும். இங்கே ‘அனாக் லெலாகி’, அதாவது மகன், என்பதன் சுருக்கமான ‘ஏ/எல்’ போட்டு முழுதாக எழுதுவதே வழக்கம். எவ்வளவு அரிய ஷர்வினும் பிள்ளைகளுக்கான மைகிட் அட்டையில் ‘ஷர்வின் ஏ/எல் முனியாண்டி’தான். முனியாண்டி அசையமாட்டார்.

நான்காவது வாயில் பாட்டி. இதுவே இந்த ஆய்வின் மையம்.

தொல்காப்பியர் விளிமரபு என்று தனி இயலே எழுதி, எந்த ஈறுள்ள உயர்திணைப் பெயரைக் கூவி அழைக்கலாம் என்று வரையறுத்தார். இ, உ, ஐ, ஓ என நான்கு உயிர். ன, ர, ல, ள என நான்கு மெய். முருகன் முருகா ஆவான், நம்பி நம்பீ ஆவான். ‘ஷ்’ பட்டியலில் இல்லை. இலக்கணத்தை விடுங்கள், தொண்டைக்கே அது ஒத்துவராது. பின்வாசலில் நின்று செம்பனைப் பக்கம் பார்த்து “கவினேஷ்!” என்று கத்திப் பாருங்கள். கடைசி எழுத்து காற்றுப்போன டயர் மாதிரி சீறி அடங்கும், பையன் திரும்பமாட்டான். “முருகா!” என்றால் அடுத்த லயத்துக்காரனும் திரும்புவான்.

பாட்டி இதற்கு வழி கண்டிருக்கிறார். ஷ்ஷை நீக்கி ‘சு’ போட்டு, “டேய் கவினேசூ!” என்று இழுக்கிறார். தொல்காப்பியத்தை ஒரு நாளும் புரட்டாதவர், பெயரை உகர ஈறாக்கி அதன் எல்லைக்குள் கொண்டுவந்துவிடுகிறார். பெற்றோருக்கு மட்டும் வருத்தம்.

வருத்தம் நீடிப்பதில்லை. ஆறு மாதத்துக்குள் ஐயர் எழுத்து, 23, எச் எல்லாம் மைகிட் அட்டையோடு அலமாரிக்குப் போய்விட, வீட்டில் பையன் ‘தம்பி’ ஆகிவிடுகிறான். இரண்டாவது பிறந்தால் இவன் பெரிய தம்பி, அவன் சின்னத் தம்பி. அதற்கும் 108 எழுத்தைப் புரட்டுவார்கள். புரட்டட்டும், 60 நாள் இருக்கிறதே. பதிவிலாகா கவுண்டருக்குப் போகும் முன் பாட்டியைப் பின்வாசலில் நிறுத்தி ஒரு தடவை கூப்பிடச் சொல்லிக் கேட்பது செலவில்லாத சோதனை.