ஆனந்தபைரவி வேளைக்கு எத்தனை மில்லி?

எந்த ராகத்தைப் போட்டால் ஆட்டிசம் குணமாகும்? ஆனந்தபைரவி என்று வாட்ஸ்அப்பில் வந்ததே! (ஒரு அப்பா, ஈரோடு)

எதைப் போட்டாலும் ஆகாது. ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதம். வந்து போகிற காய்ச்சல் இல்லை. ‘காலையில் பத்து மில்லி ஆனந்தபைரவி, ராத்திரி ஐந்து மில்லி நீலாம்பரி’ என்று யாராவது சீட்டு எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பையனுக்கு ஆனந்தபைரவி பிடித்தால் தாராளமாகப் போடுங்கள். அனிருத் பிடித்தால் அனிருத். வாட்ஸ்அப்பை மட்டும் அணைத்துவிடுங்கள்.

பிறகு இசை சிகிச்சை என்று என்னதான் செய்கிறார்கள்? (ஓர் ஆசிரியை, மதுரை)

குழந்தையைப் பாட்டுக் கேட்க வைப்பதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே கேட்பவர் தெரபிஸ்ட்தான்.

1959-இல் இங்கிலாந்தின் சன்ஃபீல்டு குழந்தைகள் இல்லத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃபும் சிறப்பாசிரியர் கிளைவ் ராபின்ஸும் சேர்ந்து ஒரு முறையைத் தொடங்கினார்கள். குழந்தை மேஜையைத் தட்டுகிறதா? அந்தத் தாளத்தையே பியானோவில் எடுத்துக்கொள்வது. அழுகிறதா? அந்த அழுகையின் சுருதியிலேயே வாசிப்பது. குழந்தை நிறுத்தினால் தெரபிஸ்ட்டும் நிறுத்துவார். கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு உறைக்கும்: நான் தட்டினால் அங்கே பதில் வருகிறது. சோதித்துப் பார்க்க மறுபடி தட்டும். நீ ஒரு தட்டு, நான் ஒரு தட்டு என்று முறை வைப்பது அங்கே தொடங்குகிறது. பேச்சு என்பதே முறை வைத்து மாறி மாறிச் செய்வதுதானே? வாய் திறக்கும் முன்பே அந்தப் பழக்கம் கைக்கு வந்துவிடுகிறது. இன்றும் பல தெரபிஸ்ட்கள் இதைத்தான் கஞ்சிராவிலும் கீபோர்டிலும் செய்கிறார்கள்.

பாட்டு கிளாஸும் இதுவும் ஒன்றா? (பெயர் வேண்டாம், சேலம்)

கிளாஸில் சுருதி விலகினால் வாத்தியார் முறைப்பார். இங்கே குழந்தை விலகிய இடத்துக்கு வாத்தியார் போவார்.

நிஜமாகவே பலன் உண்டா, இல்லை மனசாறுதலா? (ஒரு டாக்டர், தஞ்சாவூர்)

உங்களுக்கு எண்களோடு சொன்னால்தான் நம்புவீர்கள். ஒன்பது நாடுகளில், 4 முதல் 7 வயது வரையிலான 364 குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2017-இல் வெளியானது. ஐந்து மாத இசை சிகிச்சைக்குப் பிறகு, சமூகத் தொடர்பு மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆதரவாளர்களுக்கு முகம் வாடிப்போனது. 2022-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளை, 1,165 பேரின் விவரங்களை ஒன்றாக அலசியது. ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கு வாய்ப்பு கூடுகிறது, அன்றாட வாழ்க்கைத் தரம் கொஞ்சம் உயர்கிறது, பாதிப்பின் தீவிரம் குறைகிறது என்றது. ஆனால் பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் தெளிவான வித்தியாசத்தை அதனாலும் காட்ட முடியவில்லை.

ஆக, முயன்று பார்க்கத் தகுந்தது. ‘மூன்று மாதத்தில் பேச வைக்கிறேன்’ என்று சத்தியம் செய்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

என் மகள் தண்ணீர் வேண்டும் என்று கேட்க மாட்டாள். பாட்டு முழுசாகப் பாடுகிறாள். எப்படி? (ஓர் அம்மா, திருநெல்வேலி)

உங்கள் மகள் மட்டுமில்லை. 1943-இல் மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசம் பற்றி விவரித்து எழுதிய கட்டுரையில் பதினொரு குழந்தைகள் வருகிறார்கள். அதில் ஒரு பையன் ஒன்றரை வயதிலேயே பதினெட்டு சிம்பனிகளைப் பிரித்தறிந்து, இசை தொடங்கியதுமே பீத்தோவன் என்பானாம். எனக்கு இன்றுவரை இரண்டு தாண்டாது!

பாட்டு எப்போதும் அதே வரிசையில் வரும். அடுத்து என்ன என்பது தெரிந்தது. பேச்சில் எதிராளி என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் சிரமம். வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அவளுக்குப் பிடித்த பாட்டில் வரியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். அவசரப்பட்டு நீங்களே முடித்துவிடக் கூடாது. பார்வை வந்தாலும் பதில்தான், சொல் வந்தால் கூடுதல் லாபம். விருந்தாளி வந்ததும் ‘பாடிக் காட்டு’ என்று நிறுத்தி வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

மிக்ஸி போட்டாலே பேரன் காதைப் பொத்துகிறான். அவனுக்குப் போய் இசையா? (ஒரு பாட்டி, காரைக்குடி)

அதைத்தான் முதல் நாளே தெரபிஸ்டிடம் சொல்ல வேண்டும் பாட்டி. மெல்லிய ஒலியில், அவன் கைக்கு எட்டும் கருவியில் தொடங்குவார்கள். கல்யாண வீட்டில் அவனைக் கெட்டிமேளத்துக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்.

விசேஷ ஹெட்போன் மாட்டி, வடிகட்டிய இசையைப் பத்து நாள் கேட்டால் போதும் என்கிறார்கள். கட்டணம்தான் மலைப்பாக இருக்கிறது. (ஒரு தந்தை, கோவை)

மலைத்தது நல்லதாயிற்று. பிரெஞ்சு மருத்துவர் கீ பெரார் கொண்டுவந்த முறை அது. பலன் நிரூபணமாகவில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1998-லேயே சொல்லிவிட்டது.

நல்ல தெரபிஸ்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? (பலர்)

இசையும் தெரிந்து, சிகிச்சைப் பயிற்சியும் பெற்றவரா என்று கேளுங்கள். புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இதற்கென்றே ஒரு மையம் உண்டு. விசாரிக்க அங்கிருந்து தொடங்கலாம். என்ன இலக்கு, எதை வைத்து அளப்பீர்கள் என்று கேட்டால் முகம் சுளிப்பவர் வேண்டாம். பெற்றோரை அறைக்குள் எட்டிப் பார்க்கவே விடாதவரும் வேண்டாம். இசை சிகிச்சையை நம்பி ஸ்பீச் தெரபியை நிறுத்திவிடாதீர்கள். செலவுக்கு ஒரு வழி இருக்கிறது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு, தொடர் தெரபிச் செலவுக்கும் அதில் இடம் இருக்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் எடுத்து, முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.