பக்கத்து வீட்டுக் காற்று

கலிஃபோர்னியாவில் பக்கத்து வீட்டுத் தோட்டத்தைச் சுத்தம் செய்ய ஒப்பந்தக்காரர் வந்தால், அங்குள்ள சருகெல்லாம் நம் முற்றத்துக்குக் குடிபெயரும். கூலி அவருக்கு, குப்பை நமக்கு. சருகோடு போனால் பரவாயில்லை. சருகைத் தள்ளும் பெட்ரோல் ஊதுகருவியை ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் புகைமூட்ட மாசு, புதுக் காரில் சுமார் 1,100 மைல் போவதற்குச் சமம் என்கிறது அம்மாநிலக் காற்றுவள வாரியம். அதாவது லாஸ் ஏஞ்சலஸிலிருந்து டென்வர் வரை. சருகு நகர்ந்ததென்னவோ வேலிக்கு இந்தப் பக்கம்தான். இதற்குத் தடை கேட்டால், ஏழைத் தொழிலாளியின் பிழைப்பில் கைவைக்கலாமா என்பார்கள். கருவியை முதுகில் சுமந்து அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவரே அவர்தான். சிறு தொழில்காரர்கள் மின்கருவிக்கு மாற அரசு 3 கோடி டாலர் மானியமும் ஒதுக்கியது. சட்டமும் இல்லாமலில்லை: 2024 முதல் புதிதாகத் தயாரித்து விற்கும் கருவி புகையே விடக்கூடாது. கையிலுள்ள பழையதை ஓட்ட அந்தச் சட்டத்தில் தடையில்லை.