ஒரு பல்லு தள்ளி

கம்பெனிக்காரன் போட்ட மார்க்கை கார் ஷெட் மேஸ்திரி நம்ப மாட்டார். இன்றைக்கு மழை இல்லை என்று டிவியில் சொன்னால் நம்புவார். பழைய சாமான் கடைக்காரர் ‘ஒரிஜினல்’ என்று சத்தியம் செய்து கொடுக்கும் கேஸ்கெட்டை நம்புவார். கேம் சக்கரத்தில் ஜப்பான்காரன் வெட்டி வைத்த குறியைக் காட்டினால் மட்டும் உதட்டைப் பிதுக்குவார். “அதெல்லாம் அவங்க ஊர் பெட்ரோலுக்குப் போட்டதுங்க.”

கோயமுத்தூரில் எந்தச் சந்துக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலும் இவர் இருப்பார். கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ரேஸ் கார் கட்டிய ஊர் என்பதால், ஐம்பதைத் தாண்டிய ஒவ்வொரு மேஸ்திரியும் அந்தக் காருக்கு நட்டு முடுக்கியவர்தான். சொல்கிற அத்தனை பேரும் முடுக்கியிருந்தால் கார் ஷெட்டை விட்டே கிளம்பியிருக்காது.

இன்ஜினை இறக்கி, போர் பண்ணி, ரிங் மாற்றி, வால்வு தேய்த்து, ஹெட்டை ஏற்றும் வரை அவரைப் பார்ப்பதே அபூர்வம். பையன்கள் பார்த்துக்கொள்வார்கள். டைமிங் பெல்ட் மாட்டுகிற நேரத்துக்கு மட்டும் கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்துக்கு வரும் தாய்மாமன் மாதிரி வந்து நிற்பார். “நகருங்கடா.”

காரியம் என்னவோ சின்னதுதான். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்று. அதனால் கேம் சக்கரத்தில் இரண்டு பங்கு பல். இரண்டு சக்கரத்துக் குறிகளையும் அதனதன் இடத்துக்கு நேராக நிறுத்தி, பெல்ட்டை மாட்டி, டென்ஷனரை முடுக்கினால் ஆயிற்று. பழைய அம்பாசடரில் இன்னும் சுலபம். செயின் ஓடும் இரண்டு சக்கரத்திலும் ஒவ்வொரு புள்ளி. இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டால் போதும். கண் தெரிகிற யாரும் செய்துவிடலாம் என்பதுதான் மேஸ்திரியால் பொறுக்க முடியாத விஷயம்.

“ஒரு பல்லு தள்ளிப் போட்டாத்தானுங்க புல்லிங் வரும்.”

ஒரு பல்லு! ஏதோ பூண்டு மாதிரி சொல்கிறார். கேம் சக்கரத்தில் 40 பல் என்று வையுங்கள். ஒரு பல் என்பது 9 டிகிரி; கிராங்க் கணக்கில் 18 டிகிரி. ரேஸ்காரர்கள் டிகிரி அளக்கும் தகட்டை மாட்டி, நகர்த்தக்கூடிய சக்கரத்தை வைத்துக்கொண்டு, இரண்டு டிகிரிக்கும் நாலு டிகிரிக்கும் ராத்திரி முழுக்க மல்லுக்கட்டுவார்கள். இவர் 18 டிகிரியை மோதிர விரலால் தள்ளிவிட்டு டீ சொல்கிறார். அவர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருப்பதுதான் பெரிய கஷ்டம். கேமை லேசாக முன்னால் தள்ளினால் கீழ் வேகத்தில் இழுவை கூடும், மேல் வேகத்தில் குறையும். அந்தத் துளியை யாரோ எப்போதோ அவர் காதில் விட்டிருக்கிறார்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆகும்போது உதைக்கும், தட்டும். மேஸ்திரி கலங்க மாட்டார். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவார். கேமோடு சேர்ந்து சுற்றும் சாமான் அது. திருப்பினால் ஸ்பார்க் சரியான இடத்துக்கு வந்துவிடும், உதையும் நின்றுவிடும். வால்வு மட்டும் 18 டிகிரிக்கு முன்னாலேயே திறந்து மூடிக்கொண்டிருக்கும். “கேட்டீங்களா, பட்டு மாதிரி ஓடுது.” ஓடுகிறது. மேம்பாலம் ஏறி நாலாவது கியர் போட்டதும் மூச்சு முட்டுகிறது. அதற்கு அவர் சொல்லும் காரணம் பெட்ரோல் பங்க்.

கம்பெனி மார்க்கை நம்பாத இந்த மனிதர், அடுத்த முறை பிரிக்கும்போது தெரிய வேண்டும் என்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வொயிட்னரால் பெல்ட்டிலும் சக்கரத்திலும் சொந்தமாக ஒரு மார்க் போடுவார். அதை அவர் உயிர் போனாலும் நம்புவார். எனக்கு முன் என் வண்டியை வைத்திருந்தவரின் மேஸ்திரி மஞ்சள் பெயின்ட். அதற்கு முந்தையவர் நகச்சாயம் என்று நினைக்கிறேன். எல்லாம் கேம் சக்கரத்தின் மேலேயே இருக்கிறது. அவற்றில் எண்ணெய் படாமல் சுத்தமாக இருப்பது ஜப்பான்காரன் குறி ஒன்றுதான், யாரும் தொடாததால்.

கை மட்டும் அசல். அதைச் சொல்லாவிட்டால் பாவம். மார்க் தேய்ந்து, புள்ளியும் தெரியாமல் வந்த ஒரு அம்பாசடரில், முதல் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக் காற்று தள்ளுவதைப் பார்த்தார். பிறகு நாலாவது சிலிண்டரில் ஒரு வால்வு மூடி மற்றது திறக்கத் தொடங்குகிற அந்த மயிரிழை நேரத்தை ராக்கரில் விரல் வைத்தே பிடித்தார். முதல் பிஸ்டன் உச்சியில் நிற்பது அப்போதுதான். அன்றைக்கு அவர் பல்லைத் தள்ளவில்லை. தள்ளுவதற்கு மார்க் இல்லையே.

இந்தத் திறமைசாலி ஏன் பெல்ட் மாட்டிய பிறகு கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதில்லை? இதைத்தான் நான் கேட்கிறேன். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, இரண்டு சுற்று. குறிகள் பழையபடி நேராக வந்தால் சரி. எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்தலாம். சாவியைத் திருப்பிப் பார்ப்பவருக்கு அந்த வசதி கிடையாது. பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தில் மாறி மாறி வந்து போகிற இன்ஜின்கள் உண்டு. அதில் ஒரு பல் தவறினாலும் வால்வு வளையலாம். வளைந்தால் ஹெட்டை மறுபடி இறக்க வேண்டும், அந்தச் செலவு என் தலையில். இரண்டு சுற்றுக்குத் தனியாகக் கூலி கேட்டால்கூடத் தந்துவிடுவேன்.

பெல்ட் மூடியையும் முழுசாக மாட்ட மாட்டார். என் வண்டியில் இரண்டு போல்ட்டில் தொங்குகிறது. மிச்சம் எங்கே என்று கேட்டேன்.

“கம்பெனிக்காரன் எச்சா போட்டிருக்கானுங்க.”