முக்கால் வெட்டு: பேட்டரி ரம்பமும் கடைசிக் காலும் குறித்த தொடக்கநிலை ஆய்வு

இக்கட்டுரை என்ன நுதலிற்றோ எனின், கையடக்கப் பேட்டரி ரம்பம் ஒன்று வீட்டுக்கு வந்த நாள்முதல் எந்தக் கிளையும் முழுசாக அறுபடாமல் முக்கால் பங்கோடு நின்றுவிடுவது ஏன் என்று ஆராய்தல் நுதலிற்று. ஆய்வுக்களம், விருதுநகர் பக்கத்தில் ஒரு வீட்டுக் கொல்லை. பிறகு குலசாமி கோயில் பொங்கல். கருவி, 6 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் தகடு) பொருத்திய மினி செயின் ரம்பம் ஒன்று. பேட்டரி இரண்டு, அதில் ஒன்று எப்போதும் சார்ஜரில். ஆய்வாளர் ஒருவர். மறுப்புரையாளர் பெரியப்பா, கையில் அரிவாளுடன்.

பெயராராய்ச்சி முதலில். பேச்சுத் தமிழில் 'ரம்பம்' என்றால் விடாமல் பேசிக் கொல்பவர். 'அறுவை' என்றாலும் அவரேதான். இது வெறும் கிண்டல் என்று நினைத்திருந்தேன்; இதற்கு வரலாற்று ஆதாரமே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஜான் எய்ட்கனும் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும் பல் வைத்த சிறு சங்கிலி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். சிக்கலான பிரசவத்தில் இடுப்பெலும்பு இணைப்பை வெட்டவும், கெட்டுப்போன எலும்பை அறுத்தெடுக்கவும் அது உதவியது. 1830 வாக்கில் ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் ஹைனே, பிடியைச் சுழற்றினால் சங்கிலி ஓடும்படி ஒன்றைச் செய்தார். ஆக, செயின் ரம்பம் மரத்தைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்பே அறுவையாக இருந்திருக்கிறது. நம் பேச்சுவழக்கு பொய் சொல்லாது.

செயினின் பல்லுக்கும் ஒரு மூதாதை உண்டு. 1946இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் அறுத்துக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், கட்டைக்குள் ஒரு வண்டின் புழு இடமும் வலமுமாக மாறிமாறிக் கடித்து வழிபோடுவதைக் கவனித்தார். அந்தத் தாடையைப் பார்த்தே புதுவகைச் செயினை வடிவமைத்தார். இன்று நம் கொல்லையில் ஓடும் செயின் அந்த வழியில் வந்ததுதான். இந்தச் செய்தியைப் பெரியப்பாவிடம் சமர்ப்பித்தபோது அவர் எழுப்பிய ஒரே கேள்வி: "ஏப்பா, அந்தப் புழுவுக்கு யாரு சார்ஜ் போட்டா?" இதற்கு விடை இன்னும் கிடைக்கவில்லை.

அடுத்து பாடபேதம். ஒரே பேட்டரியை ஒரு பெட்டி 18 வோல்ட் என்கிறது, இன்னொரு பெட்டி 21 வோல்ட் என்கிறது. இரண்டும் பிழையில்லை. உள்ளே வரிசையாக ஐந்து லித்தியம் செல். செல்லுக்குச் சராசரி 3.6 வீதம் கூட்டினால் 18, முழுச் சார்ஜில் 4.2 வீதம் கூட்டினால் 21. முன்னது சுவடிப் பாடம், பின்னது பதிப்பாளர் பாடம் என்று கொள்க. அதே அளவு பேட்டரியின் மேல் 48 என்றும் 88 என்றும் ஒட்டி வருகிறதே, அது இடைச்செருகல். தள்ளிவிடலாம்.

இனி வினைச்சொல். இந்த ஆய்வில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்த பகுதி இதுதான். கொழுந்தைக் கிள்ளுகிறோம், முருங்கையை ஒடிக்கிறோம், வேம்பைக் கழிக்கிறோம், கொய்யாவைக் கவாத்து செய்கிறோம், மூங்கிலைத் தறிக்கிறோம், தென்னை மட்டையைச் சீவுகிறோம், விறகைப் பிளக்கிறோம். எந்த மரம், எவ்வளவு பருமன், திரும்பத் தழைக்கவா அடுப்புக்கா என்பதெல்லாம் அந்தந்த வினைக்குள்ளேயே அடக்கம். பேட்டரி ரம்பம் வந்த மூன்றாம் நாளே எங்கள் வீட்டில் இவை எல்லாம் ஒன்றாகிவிட்டன. "கொய்யாவுக்கு மிஷின் போட்டாச்சா?" "வேம்புக்கு எப்ப மிஷின் போடுற?" முருங்கையை ஒடித்து வளர்க்கணும் என்றுதான் பழமொழி சொல்கிறது, அறுத்து வளர்க்கச் சொல்லவில்லை. ஏன் என்பது முதல் சோதனையிலேயே தெரிந்தது. கையால் அழுத்தினாலே ஒடியும் கிளைக்கு மிஷின் போட்டேன். ஈரநார் செயின் மூடிக்குள் போய்ப் பொதிந்து, முக்காலில் ஓட்டம் நின்றது. (அடைப்பை எடுப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். இந்த ஒரு வரியில் மட்டும் விளையாட்டில்லை.)

வேம்பில் முறைப்படி நடந்துகொண்டேன். கண்ணாடி, கையுறை, இரண்டு கையாலும் பிடி, தலைக்கு மேல் தூக்கி அறுப்பதில்லை; பாரின் நுனி மேற்புறம் எதிலாவது முட்டினால் ரம்பம் நம் முகத்தை நோக்கி எகிறும். முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு. கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் விழுகிறது. மிஞ்சிய குச்சியை, தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் கழுத்தை விட்டுவிட்டு அறுக்க வேண்டும். மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை, உள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துக்கொள்கிறது என்று அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ காட்டியிருக்கிறார். அந்தச் சுவர் எழும்பும் இடம் இந்தக் கழுத்து. எல்லாம் சரியாகச் செய்தும், கடைசிக் குச்சியில் முக்காலில் சார்ஜ் தீர்ந்தது. சார்ஜரில் இருந்த இன்னொன்றைக் கேட்டேன், சுவிட்சே போடவில்லையாம்.

செயினுக்கு எண்ணெய் விடாவிட்டால் பார் சூடேறித் தேயும். கடை எண்ணெய் தீர்ந்ததால் தேங்காய் எண்ணெய் விட்டேன். வேலை செய்தது. ஆனால் 24 பாகைக்குக் கீழே அது உறையும் என்பதை மார்கழிக் காலை நினைவூட்டியது. தலைக்கு வைக்கிற எண்ணெய் எங்கே போகிறது என்ற உபவிசாரணை வீட்டில் தனியாக நடந்தது.

இறுதிச் சோதனை குலசாமி கோயிலில். அங்கே கோயில் மரத்தில் சுள்ளி ஒடிக்கக்கூடாது. எனவே வண்டியில் காய்ந்த வேலிக்கருவைக் கட்டை கொண்டு போயிருந்தோம். பங்காளிகள் சுற்றி நிற்க, கட்டையை இரண்டு கல் மேல் பாலம்போல் வைத்து நடுவில் மேலிருந்து அறுத்தேன். முக்கால் ஆழத்தில் ரம்பம் சிக்கியது. இழுத்தேன், செயின் கழன்றது. இரு முனையும் தாங்கி நின்றால் கட்டை நடுவில் தொய்ந்து, மேற்பக்கம் நெருக்கிப் பாரைக் கவ்விக்கொள்ளும் என்பதும், ஒரு முனையை வெளியே நீட்டி வைத்திருந்தால் வெட்டுவாய் தானாக விரிந்திருக்கும் என்பதும் வீடு திரும்பும் வழியில் விளங்கியது. பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. அரிவாளால் இரண்டு போடு. பானை பொங்கியது.

ஆகவே முக்கால் வெட்டுக்குக் காரணம் நார், சார்ஜ், தொய்வு என மூன்று. 6 அங்குல பாரை அதைவிடப் பெருத்த கட்டையில் வைக்கும் பேராசை நான்காவது. கருவியைக் குறை சொல்வதற்கில்லை. மணிக்கட்டுத் தடிமன் கிளைக்கு அதைப்போல் சுகமானது வேறில்லை. ஆனால் பெட்டிக்குள் ஓர் அரிவாளும் வைத்துத் தராதது குறைதான்.

இம்முடிவை ஐயுறுவோர் தம் தெருவில் கழித்த மரங்களின் தழும்பைப் பார்க்க. முக்கால் வழுவழுப்பு, கால் கொத்தல். முழுதும் வழுவழுப்பான தழும்பு எங்காவது கண்டால் தெரிவியுங்கள், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். அரிவாள் கேட்டு யாரும் வர வேண்டாம். அது பெரியப்பா வீட்டில் இருக்கிறது.