ஒத்தக் காது போதும்லே

ஏலே பேராண்டி, எல்லாம் கேள்விப்பட்டேன். சாரலுக்கு ரெண்டு கார்ல போறியளாம். குத்தாலத்துல குளிச்சுட்டு ஆரியங்காவு வரைக்கும் ஏறுதியளாம். கார் விட்டு கார் பேச, வாக்கிடாக்கிக்கு நீயே ஹெட்செட் செய்யுதியாம். தென்காசிக்கும் குத்தாலத்துக்கும் 5 கிலோமீட்டர்தான். சீசன் கூட்டத்துல கண்ணாடிய இறக்கிக் கூப்பிட்டாலே கேக்கும். இருந்தாலும் செய்யி. கெட்டிக்காரப் பிள்ளையத் தடுத்தா பாவம்.

எலக்ட்ரெட் மைக் வாங்கியிருப்பே. பின்னால ரெண்டு முனை இருக்கும்லா, எது தகரக் கூட்டோட ஒட்டியிருக்கோ அதுதான் எர்த்து. மாத்தி வச்சுட்டு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போகாத. சால்டரிங் அயர்ன வச்ச கையோட போனப் பாத்துக்கிட்டிருந்தேன்னா மைக்கு வெந்துபோகும். ரெண்டு முனைக்கும் குறுக்க 0.01 மைக்ரோஃபாரட் டிஸ்க் கண்டன்சர் ஒண்ணு போடு. இல்லன்னா ஆன்டெனா விடுத அலை மைக் வயர்லயே ஏறி, நீ "வணக்கம்"னா அங்கன "கொர்ர்"ங்கும். (உன் பாட்டுக்கு அது தேவலதான். பேச்சு புரியணும்லா?)

பேச அமுக்குத பொத்தான் எதுக்கு, குரல் கேட்டாத் தானா ஆன் ஆகுத 'வாக்ஸ்' இருக்கேம்பே. வை, வை. பக்கத்துல உக்காரப் போறது உங்க பெரியத்தை. அவ நாத்தனார் கதைய எடுத்தான்னா ஆரியங்காவு வரைக்கும் செட்டு அணையாது. வாக்கிடாக்கியில ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசலாம், மத்தவங்க வாய மூடிக் கேக்கணும். நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கம் யாருக்குலே இருக்கு? பின் வண்டிக்காரன் "டயர் போச்சுலே"ன்னு கத்தினாலும் உனக்குக் கேக்காது. பொத்தானே வை. ஸ்டியரிங்ல கட்டினா வயர் சுத்திக்கிடும், கியர் குமிழ்ல கட்டு.

செட்டக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டினா, 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி அது ஆபத்தான ஓட்டுதல். அதான் ஹெட்செட்டுங்கே, சரிதான். ஆனா ரெண்டு காதையும் அடச்சுக்கிட்டு மலை ஏறு, கேரளா பஸ்காரன் உனக்காக இறங்கி வந்து ஹாரன் அடிப்பான்! ஒத்தக் காதுக்கு மட்டும் ஸ்பீக்கர் வையி.

லைசென்ஸ்? 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் குறஞ்ச பவர்ல பேச அது வேண்டாம். உன் 5 வாட் செட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஹாம் அலைவரிசைன்னா தொலைத்தொடர்புத் துறை பரீட்சை எழுதணும். 12 வயசுப் பிள்ளையே எழுதலாம், உனக்கென்ன கேடு? லைசென்ஸ் விவரம் சொல்லாம வாக்கிடாக்கிய ஆன்லைன்ல விக்கக் கூடாதுன்னு 2025-ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதியே போட்டுட்டு. நீ என்னடான்னா அதுக்கு முந்தியே வாங்கிட்டேன்னு மீசைய முறுக்குதே. போலீஸ் அலைவரிசையில போய் "ஓவர்"னு சொல்லிப் பாரு, அவுக நேர்லயே வந்து "ஓவர்" சொல்லுவாக.

அப்புறம் செங்கோட்டை தாண்டி வளைவு ஆரம்பிச்சா, ஒரு வண்டி மலைக்கு அங்கிட்டு, ஒண்ணு இங்கிட்டு. சத்தமே வராது. உடனே மைக்கப் பிரிச்சு மேயாத. 1904-லயே மலையக் குடஞ்சு போன புனலூர் ரயிலா உன் அலை? வளைவு திரும்பினா தானாப் பேசும்.

அதுக்கப்புறமும் பேசலியா? திரும்பி வந்து பிரானூர் பார்டர்ல பரோட்டாக் கடை முன்னால வண்டிய நிப்பாட்டு. காணாமப் போன வண்டி அங்கனதான் நிக்கும். எனக்கு நாலு பரோட்டாவும் கோழியும் கட்டச் சொல்லிரு, அதுக்கு லைசென்ஸ் வேண்டாம்.