பாட்டிகள் சார்பில் பத்மக் குழுவுக்கு

அனுப்புநர்: கொங்குநாட்டுப் பேரப்பிள்ளைகள்
பெறுநர்: பத்ம விருதுகள் குழு, புதுதில்லி
பொருள்: தொண்ணூறு தாண்டிய பாட்டிகளைக் கண்டுபிடிப்பதில் குழு காட்டும் நிதானம் – பாராட்டு தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

கோவை நானம்மாள் 1920-இல் பிறந்தவர். எட்டு வயதில் அப்பாவிடம் யோகாசனம் கற்கத் தொடங்கினார். அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது 2018 ஜனவரியில். தொண்ணூறு வருஷமாக ஒரு பெண்மணி ஆசனம் போடுகிறார் என்றால், நாளைக்கே விட்டுவிட மாட்டார் என்று என்ன நிச்சயம்? பொறுத்திருந்து பார்த்த குழுவுக்கு முதல் வணக்கம்.

காலையில் வேப்பங்குச்சியால் பல் துலக்கி, வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பாயில் மல்லாந்து படுப்பார். இரண்டு காலும் மெல்ல எழும்பித் தலைக்குப் பின்னால் போய்த் தரையைத் தொடும். ஹலாசனம். தொண்ணூற்றைந்து தாண்டியும் இதைச் செய்தார். நாற்பது வயதுப் பேரன் செருப்பு மாட்டவே நாற்காலி தேடுகிற காலம் இது. ஆனால் அந்த வீட்டில் அந்தச் சாக்கு எடுபடாது. பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று முப்பதுக்கும் மேற்பட்டோரை யோகா ஆசிரியர்களாக்கிவிட்டார். அவரது துறையை விருதுப் பட்டியல் ‘இதர’ என்ற தலைப்பில் வைத்தது. வீட்டில் பாட்டிகளுக்கு ஒதுக்கப்படும் இடமும் பெரும்பாலும் அதுதான் என்பதால், நானம்மாளுக்கு அது புதிதாக இருந்திருக்காது.

அதே 2018 பட்டியலில் கர்நாடகத்தின் பாவகடா பகுதி மருத்துவச்சி சூலகித்தி நரசம்மாவும் இருந்தார். அவரும் 1920-இல் பிறந்தவர்தான். காசு வாங்காமல் 15,000-க்கும் மேற்பட்ட பிரசவம் பார்த்தவர், தாமும் பன்னிரண்டு பெற்றவர். பத்மப் பரிந்துரையில் ஒருவரது சாதனையை 800 சொல்லுக்குள் சொல்லியாக வேண்டும் என்பது விதி. நரசம்மா கணக்கில் ஒரு சொல்லுக்குப் பதினெட்டுக் குழந்தைக்கு மேல் வருகிறது. எழுதியவர் கை வலித்திருக்கும். அந்த ஆண்டு டிசம்பர் 25-இல் நரசம்மா காலமானார்.

விவசாயி தேக்கம்பட்டி பாப்பம்மாள் விஷயத்தில் குழு இன்னும் நிதானம் காட்டியது. பிறப்பு 1914, பத்மஸ்ரீ 2021. பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். அந்தப் பாட்டி விட்டுப்போன கடையை நடத்தி, மிச்சம் பிடித்து நிலம் வாங்கி, நூறு வயதுக்குப் பிறகும் தோட்டத்தில் இறங்கியவர். அவரை வளர்த்த பாட்டியை எந்தக் குழுவும் பரிந்துரைக்கவில்லை. அந்தப் பாட்டி காலத்தில் விருதும் கிடையாது. பத்மம் வந்ததே 1954-இல்.

விதிகளில் இரண்டு எங்களை மிகவும் கவர்ந்தன. இறந்தவருக்கு வழக்கமாக விருது இல்லை. மிகத் தகுதியானவர் என்றால், குடியரசு தினத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் இறந்திருந்தால் பரிசீலிக்கலாம். ஆகவே பாட்டிகள் தேதி பார்த்துக் கண்ணை மூட வேண்டும். இரண்டாவது, பத்மஸ்ரீ பெற்றவர் அடுத்த படியான பத்மபூஷணுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். நானம்மாள் 103-ஐத் தொடும்போது தகுதி பெற்றிருப்பார்; அவசரக்காரர், 2019 அக்டோபரில் 99 வயதிலேயே கிளம்பிவிட்டார். பாப்பம்மாளுக்கு அந்த முறை 2026-இல் வந்திருக்கும். அவர் 2024 செப்டம்பர் வரைதான் பொறுத்தார். தக்கவர்களுக்கு இந்த இடைவெளியைத் தளர்த்தலாம் என்றும் விதியில் இருக்கிறது. நூறு தாண்டிய வயது அதற்குப் போதாதோ என்னவோ.

விருதோடு ரயில், விமானக் கட்டணச் சலுகை எதுவும் கிடையாது என்று குழு தெளிவாகச் சொல்லியிருப்பதும் நல்லதே. 58 வயதான எல்லாப் பெண்களுக்கும் இருந்த பாதிக் கட்டணம் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதால், பத்மஸ்ரீ ஆத்தாவும் பக்கத்து வீட்டு ஆத்தாவும் இப்போது ஒரே விலையில் டிக்கெட் எடுக்கலாம்.

ஒரே ஒரு கோரிக்கை. ஊருக்கு ஊர் பேரப்பிள்ளைகள் படிவத்தை எடுத்து வைத்தால், “நா அப்படி என்னத்தப் பண்ணிப்போட்டேன், போய்ச் சோறு திங்கிற வேலயப் பாருங்க” என்று ஆத்தாமார்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள். எனவே, பரிந்துரைக்கப்படுபவரின் ஆட்சேபத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று படிவத்தில் ஒரு வரி சேர்க்கவும். அவர் எண்பதில் இருக்கும்போதே.

இப்படிக்கு,
பேரப்பிள்ளைகள்

நகல்: ரயில்வே வாரியம், தகவலுக்காக.