மூக்கு முக்கியம் அமைச்சரே!

பைசாண்டியர்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன். முதல் தகவலே கொஞ்சம் சங்கடமானது: அந்த ஊரில் ஒரு பைசாண்டியர்கூடக் கிடையாது. யாரையாவது நிறுத்தி "நீங்க பைசாண்டியரா?" என்று கேட்டிருந்தால், "யாருய்யா அது?" என்று முறைத்திருப்பார். தலைநகரம் கான்ஸ்டான்டினோபிள், அதாவது இன்றைய இஸ்தான்புல். பேசியது கிரேக்கம். ரோம் நகரம் ஒரு கட்டத்தில் கையைவிட்டே போய்விட்டது. ஆனாலும் கடைசி நாள்வரை "நாங்க ரோமானியர்" என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். சென்னையில் கடை போட்டு 'ஒரிஜினல் திருநெல்வேலி அல்வா' என்று போர்டு மாட்டுவது மாதிரி. 'பைசாண்டிய' என்ற பெயர் புழக்கத்துக்கு வர, 1557-ல் ஒரு ஜெர்மானியப் பண்டிதர் புத்தகம் போட வேண்டியிருந்தது. அதற்குள் அல்வாக்கடை மூடி 104 வருஷம் ஆகியிருந்தது.

இங்கே சக்கரவர்த்தி வேலைக்கு எழுதப்படாத ஒரு தகுதி உண்டு. உடம்பில் குறை கூடாது. கடவுளின் பூலோகப் பிரதிநிதி 'டேமேஜ் பீஸ்' ஆக இருக்கலாமா? அதனால் பதவியைப் பிடுங்குகிறவர்கள் ஒரு ஷார்ட்கட் கண்டுபிடித்தார்கள். பழைய ராஜாவைக் கொல்ல வேண்டாம், பாவம். மூக்கை மட்டும் வெட்டிவிட்டால் போதும். நாம் 'மூக்கறுத்துட்டான்' என்றால் அவமானப்படுத்தினான் என்று அர்த்தம். அவர்கள் அதைக் கத்தியோடு செய்தார்கள். செய்துவிட்டு அதைக் கருணைக் கணக்கில் வேறு எழுதிக்கொண்டார்கள்!

இந்தக் கருணைக்கு ஆளானவர் இரண்டாம் ஜஸ்டினியன். பதினாறு வயதில் பட்டம். வரிமேல் வரி, கட்டடம்மேல் கட்டடம், எல்லோர்மேலும் எரிச்சல். லியோன்டியஸ் என்ற தளபதியைப் பிடித்துச் சிறையில் போட்டார். 695-ல் திடீரென்று மனசு இளகி, அவரை வெளியே விட்டுப் பதவியும் கொடுத்தார். வெளியே வந்த லியோன்டியஸ் கையோடு கலகம் செய்து, ஜஸ்டினியனின் மூக்கை வெட்டி, கருங்கடலுக்கு அந்தப் பக்கம் கெர்சனுக்கு அனுப்பிவைத்தார். ஜஸ்டினியன் ஆயுளில் செய்த அபூர்வமான நல்ல காரியம் அந்த விடுதலை. பலன் உடனே கிடைத்தது.

மூன்று வருஷத்தில் லியோன்டியஸை டைபீரியஸ் என்பவர் கவிழ்த்தார். என்ன செய்தார் என்கிறீர்கள்? மூக்கை வெட்டினார். ஆக, நாட்டில் இப்போது இரண்டு முன்னாள் சக்கரவர்த்திகள், மொத்தம் சைபர் மூக்கு.

மற்றவர்களாக இருந்தால் மடத்தில் உட்கார்ந்து மணி உருட்டியிருப்பார்கள். நம்மவர் கஸார் நாட்டு மன்னனின் தங்கையைக் கட்டிக்கொண்டார். மச்சானோ கான்ஸ்டான்டினோபிளிடம் காசு வாங்கிக்கொண்டு மாப்பிள்ளையைத் தீர்த்துக்கட்ட ஆள் வைத்தான். விஷயம் மனைவி மூலம் தெரிந்துவிட்டது. கொல்ல வந்த இரண்டு பேரையும் தன் கையாலேயே தீர்த்துவிட்டுப் படகேறினார் ஜஸ்டினியன். நடுக்கடலில் புயல். கூட வந்தவர் நடுங்கிப்போய், "எதிரிகளை மன்னிக்கிறேன்னு கடவுளுக்கு வேண்டிக்குங்க, பிழைச்சுக்கலாம்" என்று கெஞ்சினார். ஒருத்தனை விட்டாலும் கடவுள் என்னை இங்கேயே மூழ்கடிக்கட்டும் என்பதாக இருந்தது பதில். புயல்தான் பயந்து ஓய்ந்திருக்க வேண்டும்.

705-ல் பல்கேரியப் படையோடு தலைநகர வாசலுக்கு வந்தார். மூன்று நாள் மதில்மேல் நின்று ஊரே கிண்டலடித்தது. அவர் சளைக்காமல், ஊருக்குத் தண்ணீர் வரும் குழாய் வழியாகச் சில ஆட்களோடு ஊர்ந்து உள்ளே வந்துவிட்டார். பிறகு குதிரைப் பந்தய மைதானத்தில், லியோன்டியஸ் கழுத்தில் ஒரு கால், டைபீரியஸ் கழுத்தில் ஒரு கால் வைத்தபடி ரேஸ் பார்த்தார். ரேஸ் முடிந்ததும் இருவர் தலையும் போயிற்று. அவர் தங்கத்தில் மூக்கு செய்து மாட்டிக்கொண்டார் என்றும் ஒரு கதை உண்டு. 711-ல் மறுபடி கலகம் வந்தது. இந்த முறை யாரும் மூக்கோடு நிறுத்தவில்லை.

மூக்கு பத்திரமாக இருந்தாலும் பெயர் கெட்டுப்போகும். ஐந்தாம் கான்ஸ்டன்டைன் 34 வருஷம் ஆண்டவர், போரில் கெட்டிக்காரர். ஆனால் தேவாலயங்களில் படங்களை வணங்கக்கூடாது என்று சொல்லித் துறவிகளைப் பகைத்துக்கொண்டார். வரலாறு எழுதுகிற பேனா அவர்களிடம் இருந்தது, கவனியுங்கள். ஞானஸ்நானத் தொட்டியில் முக்கியபோது குழந்தை உள்ளேயே 'போய்விட்டது' என்று எழுதி, 'கொப்ரோனிமஸ்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். மலப் பெயரான் என்று அர்த்தம். 626 முற்றுகையில் உடைந்து 140 வருஷம் காய்ந்து கிடந்த பெரிய நீர்வழியைச் சரிசெய்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் இதே மனுஷன்தான். ஊர் அவரை ஞாபகம் வைத்திருப்பது வேறு தண்ணீருக்காக.

கெத்து காட்டுவதற்கு அரண்மனையில் ஒரு செட்டே போட்டிருந்தார்கள். 949-ல் இத்தாலியிலிருந்து தூது வந்த லியுட்பிராண்ட் எழுதிவைத்திருக்கிறார். சிம்மாசனத்துக்கு முன்னால் தங்கப் பூச்சு போட்ட மரம், அதில் பாடும் இயந்திரப் பறவைகள், வாலை அடித்து உறுமும் சிங்க பொம்மைகள். மூன்று முறை விழுந்து கும்பிட்டுத் தலை தூக்கினால், சக்கரவர்த்தி சிம்மாசனத்தோடு கூரைக்குப் போயிருந்தார், அதுவும் வேறு டிரஸ்ஸில்! டூயட் பாட்டு நடுவில் ஹீரோ சட்டை மாறுமே, அதேதான். ஒரே குறை, அவ்வளவு உயரத்திலிருந்து பேச முடியாது. அதிகாரி ஒருவர் கீழே நின்று நலம் விசாரித்தார். லியுட்பிராண்டும் அசரவில்லை. விவரம் தெரிந்தவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவைத்திருந்தாராம். ஸ்பாய்லர் அன்றைக்கே இருந்திருக்கிறது.

968-ல் மறுபடி வந்தார் அதே லியுட்பிராண்ட். இப்போது சக்கரவர்த்தி நிகெஃபோரஸ் ஃபோகாஸ். பெரிய கௌரவமாகத் தன் இலையிலிருந்தே ஒரு ஆட்டை அனுப்பிவைத்தார். வயிற்றில் பூண்டும் வெங்காயமும் அடைத்து, மேலே நொதிக்க வைத்த மீன் குழம்பை ஊற்றியிருந்தார்கள். ஒயினில் பிசின் நெடி. லியுட்பிராண்ட் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு முழு ரிப்போர்ட் எழுதினார். போகும்போது அவர் வாங்கிவைத்திருந்த ஊதாப் பட்டையும் பறிமுதல் செய்துவிட்டார்கள். ஊதா, ராஜாவுக்கு மட்டும். பூண்டு, எல்லோருக்கும்.

ஜனங்கள் வாழ்க்கையிலும் அரசாங்கம் மூக்கை நுழைக்காத இடமில்லை. பத்தாம் நூற்றாண்டு வணிக விதிப் புத்தகம் ஒன்று இருக்கிறது. ஒயின் கடையை இரவின் இரண்டாம் மணி நேரம் தொடங்கும்போது மூட வேண்டும், அடுப்பையும் அணைக்க வேண்டும். ரொட்டி சுடுகிறவரையும் அவர் கழுதையையும் அரசாங்க வேலைக்கு இழுக்கக்கூடாது, ஊர் பட்டினி கிடக்கும். நம் பக்கத்துச் சரக்கான மிளகும், கூடவே கஸ்தூரியும் அம்பரும் விற்கிற வாசனைக் கடைகள் மட்டும் அரண்மனை வாசலை ஒட்டி இருக்க வேண்டும். நறுமணம் வாசலில் உள்ள இயேசு படம்வரை எழும்ப வேண்டுமாம். அரண்மனைக்கு உள்ளே என்ன வாசம் அடித்தது என்று லியுட்பிராண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசனை என்றதும் மகாராணி ஸோயி ஞாபகம் வருகிறார். தறி, நூல், தையல் எதிலும் ஆர்வமில்லை. தன் அறையைச் சென்ட் ஃபாக்டரி ஆக்கிவிட்டார். கோடையிலும் சுற்றிக் கனலடுப்பு எரிய, பணிப்பெண்கள் வியர்க்க விறுவிறுக்க அத்தர் காய்ச்சினார்கள். முதுமையிலும் முகத்தில் சுருக்கமில்லை என்று அரசவை எழுத்தாளர் ப்செல்லோஸ் சத்தியம் செய்கிறார். முதல் கல்யாணமே ஐம்பதில். முதல் புருஷன் குளியல் தொட்டியில் செத்தார். அதற்குள் இரண்டாவது தயாராக இருந்தார்.

அந்த இரண்டாவது புருஷனின் சகோதரி மகன் மைக்கேலைத் தத்தெடுத்தார். அவன் அப்பா ஒரு காலத்தில் கப்பல் இடுக்குக்குக் கீல் பூசியவர். பட்டத்துக்கு வந்த நாலே மாதத்தில், 1042-ல், வளர்ப்புத்தாயின் தலைமுடியை வெட்டித் தீவுக்கு அனுப்பினான் பையன். அங்கேதான் தப்புக் கணக்கு. கடைக்காரர், பெண்கள், குழந்தைகள் எல்லாம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அரண்மனைக்கு வந்துவிட்டார்கள். எங்க அம்மா எங்கே என்று கேட்டார்கள். வழக்கமாகப் பந்தயத்துக்கும் ரொட்டிக்கும் கத்துகிற அதே ஜனங்கள். இயந்திரச் சிங்கம் உறுமினால் பயப்படுகிற மூடில் அன்றைக்கு யாரும் இல்லை.

மைக்கேல் மடத்துக்கு ஓடி ஒளிந்தான். இழுத்துவந்து கண்களைக் குருடாக்கினார்கள். மூக்கைத் தொடவில்லை. மூக்கை மட்டும் எடுத்தால் ஆள் குழாய் வழியாகத் திரும்பி வந்துவிடுவான் என்பது 337 வருஷத்துக்கு முந்தைய பாடம். ஊர் அதை மறக்கவில்லை. ஸோயி அரண்மனைக்குத் திரும்பினார், 64 வயதில் மூன்றாவது கல்யாணமும் செய்துகொண்டார். அடுப்புகள் மறுபடி எரிந்தன. வாசம் வந்தது. மகாராணிக்கு மூக்கும் இருந்தது.